இறால் ஓட்டுக் கம்பெனியும் இன்ஜின் பணமும்

பங்கு வாங்குகிறவர்களுக்கு நஷ்டம் எப்போதாவதுதான் வரும். எதை வாங்கலாம் என்று அவர்களுக்கு யோசனை சொல்கிற எங்கள் தொழிலில் எரிச்சல் ஷட்டரைத் தூக்கிய நிமிஷத்திலேயே வந்துவிடும். ஜவுளிக்கடையிலும் பாங்குக் கவுண்டரிலும் ரேஷன் கடையிலும் உட்கார்ந்து ஜனங்களுக்குப் பதில் சொல்லித் தொண்டை வறண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்லாமலே பாதி உங்களுக்குப் புரிந்துவிடும். "நீங்க சொன்னா சரிதாங்க" என்று தலையாட்டிவிட்டு, படி இறங்குவதற்குள் நேர்மாறாகச் செய்கிற ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில், ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். பெரிய புரோக்கர் கம்பெனி ஒன்றின் கிளை உரிமையை வாங்கி நான் நடத்துகிறேன். கூட வேலை பார்ப்பவர் கண்ணன். கம்பெனியைப் படிப்பது என் வேலை. என்ன விற்கிறது, யாருக்கு விற்கிறது, கடன் எவ்வளவு, லாபம் காகிதத்தில் மட்டுமா அல்லது கைக்கும் வருகிறதா, நடத்துகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள், இதெல்லாம். வரைபடத்தைப் படிப்பது கண்ணன் வேலை. விலை எதுவரை ஏறியது, எங்கே போய் நின்றது, வாங்குகிற கூட்டம் சேர்கிறதா கலைகிறதா என்று அவர் பார்ப்பார்.

டெக்னாலஜிப் பங்கும் பயோடெக் பங்கும் நாளை வரப்போகிற வருமானத்துக்கு இன்றே விலை வாங்கிக்கொள்கிற சரக்கு. அதனால் அவற்றுக்கு மட்டும் எங்களிடம் ஒரு கறாரான விதி உண்டு. கம்பெனி நல்லதா என்று நான் சொல்ல வேண்டும், வாங்க இது நேரமா என்று கண்ணன் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் சரி என்றால்தான் சரி. இந்த ஒரு விதியைப் புரியவைக்கப் போய்த்தான் என் தலை நரைத்தது.

படக்காரர் இருக்காரா?

குன்றாண்டார்கோவில் பக்கம் போர்வெல் லாரி வைத்திருக்கிற ஒருவர் வந்தார். வந்ததும், "படக்காரர் இருக்காரா?" என்று கேட்டார். வரைபடம் பார்ப்பதால் கண்ணனுக்கு ஊரில் அந்தப் பெயர். கண்ணன் சாப்பிடப் போயிருந்தார். கடை என்னுடையது என்பதை அவரிடம் சொல்லி, உட்காரவைத்து, அவர் கேட்ட சாஃப்ட்வேர் கம்பெனியைப் பற்றி விளக்கினேன். அதன் வருமானத்தில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருக்கும் ஒரே ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது. அந்த ஆள் நாளைக்கு வேறு பக்கம் போய்விட்டால் இவர்கள் பாடு திண்டாட்டம். இதை அவருக்குப் புரிகிற மாதிரி, ஒரே ஒரு பண்ணையாரை நம்பி போர்வெல் லாரி வாங்குவது போல என்று உதாரணத்தோடு சொன்னேன். ரொம்பப் பொறுமையாகக் கேட்டார். இரண்டு தடவை "அப்படியா" என்றுகூடச் சொன்னார்.

கண்ணன் கை கழுவிவிட்டு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். விலை ஏறின நாள் பச்சை, இறங்கின நாள் சிவப்பு என்று கட்டங்கள் வரிசையாக வந்தன. வந்தவர் நாற்காலியோடு அங்கிட்டுத் திரும்பிவிட்டார். எனக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"மேடம் சொன்னதெல்லாம் சரிதான் தம்பி. நீங்க பச்சையா இருக்கிறதுல ஒண்ணு சொல்லுங்க."

செருப்பை வெளியே விடுகிற கம்பெனி

ஆலங்குடியில் மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒருவர், புதிதாக வந்த ஒரு பயோடெக் கம்பெனியின் பங்கைக் கேட்டார். மருந்துக்கடைக்காரர் ஆயிற்றே, பேசுவது சுலபமாக இருக்கும் என்று சந்தோஷப்பட்டேன். அந்தக் கம்பெனி கண்டுபிடித்த புது மருந்து இன்னும் நோயாளிகளிடம் சோதனையில்தான் இருக்கிறது. சோதனை தேறி, அனுமதி கிடைத்து, கடைக்கு வர இன்னும் வருஷங்கள் ஆகும். அதுவரைக்கும் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறதா என்று பார்த்தால், இல்லை. நடுவழியில் யாரிடமாவது கை நீட்ட வேண்டியிருக்கும். கண்ணனும் தன் பங்குக்கு, விலை ஒவ்வொரு தடவை ஏறும்போதும் முன்பைவிடக் குறைந்த உயரத்திலேயே திரும்பிவிடுகிறது என்று காட்டினார். அபூர்வமாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம்.

அவர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தக் கம்பெனிக்கு ஏற்கெனவே சாதாரண இருமல் மருந்து ஒன்று உண்டு. அதை விற்க ஒரு பையன் மாதாமாதம் அவர் கடைக்கு வருவானாம். எத்தனையோ கம்பெனிகளின் ஆட்கள் அவர் கடைக்கு வந்து போகிறார்கள். அவர் கம்பெனிகளை எடைபோடுவது அந்த ஆட்களை வைத்துத்தானாம். நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னார்:

"அந்தப் பையன் செருப்பை வெளிய விட்டுட்டுத்தாங்க உள்ள வருவான். அந்தக் கம்பெனி எப்படிங்க கெட்டுப்போகும்?"

மகன் வேலை பார்க்கும் பங்கு

சித்தன்னவாசல் பக்கம் நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயி. கடலை விற்ற பணம் வந்தால் நேராக எங்களிடம் வருவார். அவர் மகன் சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. அதன் பங்கைத் தவிர வேறு எதையும் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். பையன் சம்பளமும் அந்தக் கம்பெனியிலிருந்து, வீட்டுச் சேமிப்பும் அந்தக் கம்பெனியில். அது தும்மினால் குடும்பம் முழுவதற்கும் காய்ச்சல் வருமே என்று சொன்னேன். கொஞ்சம் பணத்தையாவது வேறு எதிலாவது போடுங்கள் என்று வருஷக்கணக்காகச் சொல்கிறேன்.

அவருக்கு இது தன் மகனைப் பற்றிய அவதூறாகப் படுகிறது. போன தடவை வந்தபோது வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, நிதானமாகக் கேட்டார்:

"என் மகனே அங்க உக்காந்து வேலை பாக்குறான். அப்பவும் அந்தக் கம்பெனிய நம்பக் கூடாதுன்னா, அவன் அங்க என்னதாங்க செய்யிறான்?"

தரை தெரிகிறது

இவர்களெல்லாம் வருவார்கள், போவார்கள். ஜெகதாப்பட்டினம் செல்வராசு அண்ணன் வந்தால் போக மாட்டார். அதுவும் மீன்பிடித் தடைக்காலத்தில்.

சித்திரை பிறந்ததும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஆனி தொடங்குகிற வரைக்கும் கரையில்தான். படகுக்காரர்கள் அந்த நேரத்தில் பலகை மாற்றுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் போடுவார்கள். அதே நேரத்தில்தான் கம்பெனிகளின் வருஷக் கணக்கு ஒவ்வொன்றாக வெளியாகும். எனக்குத் தலைக்கு மேல் வேலை கிடக்கும். அப்போது பார்த்துத்தான் செல்வராசு அண்ணன் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து டீ சொல்லச் சொல்லுவார்.

அவருக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு. கரையில் இறால் உரிக்கிற கொட்டகை ஒன்று, அதை அவர் மனைவி பார்த்துக்கொள்கிறார். படகுக்காரர்கள் சங்கத்தில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. போன பருவத்தில் அவர் படகின் இன்ஜின் நடுக்கடலில் நின்றுவிட்டது. நீரோட்டம் படகை எல்லைப் பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வேறொரு படகு கயிறு போட்டு இழுத்து வந்ததால் பிழைத்தார்கள். இன்னும் கொஞ்சம் அங்கிட்டுப் போயிருந்தால் படகு பறிபோயிருக்கும், அதில் போனவர்கள் எந்தச் சிறையிலோ இருந்திருப்பார்கள். அதனால் இந்தத் தடைக்காலத்தில் புது இன்ஜின் இறக்கியே தீருவது என்று பணம் சேர்த்து வைத்திருந்தார். அந்தப் பணத்தைத்தான் சும்மா கிடப்பானேன் என்று எங்களிடம் கொண்டுவந்தார்.

நான் கம்பெனி அறிக்கையைக் கையில் எடுத்தால் கொட்டாவி விடுவார். கண்ணனின் வரைபடத்தை மட்டும் பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொண்டார். படகில் கடலின் ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டுகிற ஒரு திரை இருக்குமாம். இதுவும் அதே மாதிரிதானாம். விலை பல தடவை இறங்கி வந்து நின்று திரும்புகிற மட்டத்தைக் கண்ணன் காட்டியதும் விரலை வைத்து, இதுதான் தரை என்றார். கடலுக்குத் தரை உண்டு, பங்குக்குக் கிடையாது, இந்தத் தரை எந்த நேரமும் உடையலாம் என்று நான் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தரைய உடைச்சுக்கிட்டுப் போன படகை நான் பார்த்ததே இல்லை தங்கச்சி."

அது வேற, இது வேற

ஒரு நாள் அவராகவே ஒரு கம்பெனியின் பெயரைச் சொன்னார். இறால் ஓட்டையும் நண்டு ஓட்டையும் வாங்கி, அதிலிருந்து காயத்துக்குப் போடும் கட்டுக்கும் மூட்டுவலி மாத்திரைக்கும் வேண்டிய பொருளைப் பிரித்தெடுக்கிற சின்ன பயோடெக் கம்பெனி. உரித்துப் போடுகிற ஓட்டை அவர் ஊரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் லாரியில் அள்ளிக்கொண்டு போவது அவர்கள்தான். "நம்ம கம்பெனி" என்றுதான் சொன்னார்.

உட்கார்ந்து படித்தேன். தொழில் நல்லது, கடன் குறைவு, சரக்குக்கு வெளிநாட்டில் கிராக்கியும் இருக்கிறது. ஆனால் ஓட்டுக்கு இந்த ஒரு கடற்கரையையே நம்பியிருக்கிறார்கள். ஓட்டு விலை ஏறினால் லாபம் சுருங்கும். அண்ணனிடம் ஓட்டு விலை இப்போது எப்படி என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தை மாதம் சங்கத்திலிருந்து ஒற்றுமையாக நின்று, லாரியை மறித்து, பேசிப் பேசி, விலையை நன்றாக ஏற்றிவிட்டார்களாம். முன்னால் நின்று பேசியது இவரேதானாம். அந்தக் கதையை டீ ஆறுகிற வரைக்கும் சொன்னார்.

நான் கண்ணை மூடித் திறந்தேன். அண்ணே, நீங்கள் ஏற்றிய விலை அவர்களுக்குச் செலவு, அந்தச் செலவு வரப்போகிற கணக்கில் தெரியும், கணக்கு வருகிற வரை பொறுங்கள் என்றேன். கண்ணன் குறுக்கே விழுந்தார். பல மாதமாக ஒரே மட்டத்தில் படுத்துக்கிடந்த விலை அதை உடைத்துக்கொண்டு மேலே வந்திருக்கிறது, வாங்குகிற கூட்டமும் கூடியிருக்கிறது, படம் இதைவிட அழகாக இருக்க முடியாது என்றார். நான் விதியை நினைவுபடுத்தினேன். ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம். கண்ணன் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். செல்வராசு அண்ணன்தான் சிரித்தார்.

"ஓட்டு வெலை ஏறுனது எங்க கொட்டகையில. பங்கு வெலை ஏறப்போறது பம்பாய்ல. அது வேற, இது வேற தங்கச்சி."

படி இறங்குவதற்குள்

நீங்கள் சொன்னால் சரி, கணக்கு வரட்டும் என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். பாத்திரக்கடை வாசலில் வெயிலுக்கு ஒதுங்கி நின்று, கைப்பேசியை எடுத்து, நாங்களே இறக்கிக் கொடுத்த செயலியில் தானே வாங்கிவிட்டார். இன்ஜின் பணம் முழுவதும். எங்கள் கம்ப்யூட்டரில் அது வந்து விழுந்தபோது அவர் பஸ் ஸ்டாண்டுக்குக்கூடப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்.

போன் போட்டேன். அண்ணே, அது இன்ஜின் பணம், கடல் திறக்கும்போது கையில் வேண்டிய பணம், கொஞ்சத்தையாவது திருப்பி எடுத்துவிடுங்கள் என்று மன்றாடினேன். அவருக்குப் பின்னால் அறந்தாங்கி பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"கடல் தொறக்கிறதுக்குள்ள இன்ஜினும் வந்துரும், வலையும் வந்துரும். தம்பிக்கிட்ட சொல்லுங்க, படம் நல்லாப் போட்டிருக்காருன்னு."

விலை ஏற்றியவன் யார்?

மூன்று வாரம் பங்கு ஏறியது. அந்த மூன்று வாரமும் நான் பட்ட அவமானத்தை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். தினமும் வந்தார், தினமும் எனக்கு ஆறுதல் சொன்னார். "எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருமா தங்கச்சி" என்பார். கண்ணன் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிப்பார்.

ஒரு மத்தியானம் கம்பெனி கணக்கை வெளியிட்டது. விற்பனை கூடியிருந்தது, லாபம் பாதிக்கும் கீழே வந்திருந்தது. அடுத்த நாள் சந்தை திறந்ததும் விலை ஒரே இறக்கமாக இறங்கி நின்றுவிட்டது. ஒரு நாளில் இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஓர் எல்லை வைத்திருப்பார்கள். அதைத் தொட்டுவிட்டால் விற்க வரிசை நிற்கும், வாங்க ஆள் இருக்காது. அடுத்தடுத்த நாளும் அதே கதை. செல்வராசு அண்ணன் வேர்த்துப்போய் வந்தார். எதனால் இப்படி என்று கேட்டார். நான் கம்பெனி அறிக்கையைத் தமிழாக்கி வாசித்தேன்: மூலப்பொருள் கொடுப்பவர்கள் தை மாதத்தில் விலையைக் கடுமையாக ஏற்றியதால் லாபம் குறைந்தது.

அவர் மேஜையில் ஓங்கித் தட்டினார். டீ கிளாஸ் ஆடியது.

"எவன்ங்க அவன், வெலைய ஏத்துனவன்?"

கண்ணன் போட்ட கோடு

அவர் போன பிறகு கண்ணனைப் பிடித்துக்கொண்டேன். அழகான படம் என்றாயே, இப்போது அந்த அழகை எந்தச் சுவரில் மாட்டுவது என்று கேட்டேன். பாவம், அவரும் சாப்பிடாமல் அந்தத் திரையையே வெறித்துக்கொண்டிருந்தார். தரை என்று காட்டிய மட்டத்தை விலை உடைத்துக்கொண்டு கீழே போயிருந்தது. கோட்டை அழித்தார், கொஞ்சம் கீழே இன்னொன்று போட்டார், அதையும் அழித்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"கோடு சரிதான்க்கா. பங்குதான் தப்பாப் போயிருச்சு."

விலையைக் குறைக்க ஒரு வழி

வைகாசி முடிகிற நேரத்தில் செல்வராசு அண்ணன் மறுபடி வந்தார். பங்கு இறங்கி, பாதி விலைக்குக் கொஞ்சம் மேலே நின்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அவர் படகில் பழைய இன்ஜினைக் கழற்றியாகிவிட்டது. அந்த இடம் காலியாகக் கிடந்தது. ஆனால் அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. கடல் திறக்கும் முன்னால் அடுத்த பருவத்து ஓட்டு விலையைப் பேச கம்பெனிக்காரர்கள் வருகிறார்களாம். விலையைக் குறைக்கச் சொல்லித்தான் கேட்பார்களாம். சங்கத்தின் சார்பில் பேசப்போவது வழக்கம்போல இவர்தானாம். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார், ஓட்டு விலை குறைந்தால் பங்கு ஏறுமா என்று.

எனக்குப் பொய் சொல்ல வராது. ஏறும் என்றேன். கம்பெனியைப் படித்தவள் என்ற முறையில் அதுதான் சரியான பதில். கண்ணனும், சேதி வந்தால் படம் திரும்பும் என்றார். அண்ணன் விதிகளை மதிக்கிற ஆள் போல எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டு பேரும் சரி சொல்லிவிட்டோம் என்று தலையாட்டினார். இத்தனை நாளில் முதல் தடவையாக எங்கள் விதியைக் கடைப்பிடிக்கிறார், அதுவும் இதற்காக.

அவர் கொட்டகையில் ஒரு வழக்கம் இருப்பது எனக்குத் தெரியும். உரித்த இறால் வியாபாரிக்கு, ஓடு உரிக்கிற பெண்களுக்கு. ஓட்டுக் காசைக் கூலியில் சேர்க்காமல் தனியாகப் போட்டுவைத்து, ஆடியில் அவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். தை மாதத்தில் விலை ஏற்றியதை அவர் கதையாகச் சொன்னதில் இதுவும் இருந்தது. அதனால் கேட்டேன்: அண்ணே, விலையைக் குறைத்தால் யாருடைய காசு குறையும்? அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அதை ஏன் இப்பக் கேக்குறீங்க? நான் கேட்டது பங்கைப் பத்தித்தானே."

பேசினவருக்கே தெரியக் கூடாதது

பேச்சுவார்த்தை நடந்த மறுநாள் காலையில் அலுவலகம் திறக்கும்போதே படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து டீ கேட்கவில்லை. கண்ணன் கம்ப்யூட்டரைப் போடாமல் நின்றார்.

"கொறைக்கலாம்னுதான் தங்கச்சி போனேன்" என்றார். "கம்பெனிக்காரன் பேசி முடிச்சான். எல்லாரும் என்னையவே பார்த்தாங்க. பின்னாடி உரிக்கிற பொம்பளைக நின்னாக. எங்க வீட்டுக்காரியும் அதுலதான் நின்னா. நான் வாயத் தொறந்தேன். போன தடவையவிடக் கூடக் கேட்டுப்புட்டேன். அவனும் ஒத்துக்கிட்டான்."

அவர் கைப்பேசியை எடுத்தார். கம்பெனி இதை வெளியில் சொன்னதும் பங்கு இன்னும் விழும், அதற்கு முன்னால் விற்றுவிடுகிறேன் என்றார். பொத்தானைத் தொட்டால் போதும், எங்கள் தயவு தேவையே இல்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். அண்ணே, அது கூடாது. கம்பெனி இன்னும் ஊருக்குச் சொல்லாத சேதி உங்கள் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு விற்றால், விவரம் தெரியாமல் எதிரே வாங்குகிறவன் ஏமாறுவான், சட்டமும் விடாது, சேதி வெளியே வரட்டும் என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரியும். நான் சொல்லி இவர் எதைக் கேட்டிருக்கிறார்?

கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கைப்பேசியை மேஜைமேல் குப்புற வைத்தார். நான் சொல்லி அவர் கேட்டு நடந்த ஒரே யோசனை அதுதான், அதனால் அவருக்கு நஷ்டம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காதவர் போல ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"நான் பேசுனது எனக்கே தெரிஞ்சிருக்கக் கூடாதுன்னா, நான் எங்க தங்கச்சி போறது?"

கடல் திறந்த பிறகு

கம்பெனி நாலு நாள் கழித்துத்தான் வாயைத் திறந்தது. மூலப்பொருள் விலை மறுபடி கூடியிருக்கிறது, லாபம் மேலும் குறையும் என்றது. பங்கு இன்னொரு தடவை விழுந்தது. அதன் பிறகு விற்றார். வந்த பணம் புது இன்ஜினுக்குப் போதவில்லை. வேறொரு படகில் ஓடிய இன்ஜினை வாங்கி, பிரித்துச் சரிபார்த்து இறக்குவதற்குள் கடல் திறந்துவிட்டது. ஊர்ப் படகெல்லாம் போன அன்றைக்கு அவர் படகு மட்டும் கரையில் நின்றது. பழைய இன்ஜினையே திரும்ப மாட்டி அனுப்பலாம் என்று யாரோ சொன்னதற்கு, ஆளை அனுப்பிவிட்டு எல்லைப் பக்கம் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியாது என்று மறுத்துவிட்டாராம். இதைச் சொன்னது அவர் மனைவி. என்னிடம் கோபித்துக்கொள்ளத்தான் போன் செய்கிறார் என்று பயந்தேன். ஓட்டுக் காசை ஏதாவது பத்திரமான பங்கில் போடலாமா என்று உரிக்கிற பெண்கள் கேட்கிறார்களாம். வேண்டாம், பாங்கில் போடுங்கள் என்றேன். வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக நான் யாருக்கும் யோசனை சொன்னதில்லை.

இரண்டு வாரம் கழித்துப் படகு போனது. முதல் தடவை போய்த் திரும்பிய அன்றைக்குச் செல்வராசு அண்ணன் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டார். இன்ஜின் சத்தத்தில் கத்திப் பேசினார். இறால் சுமாராகப் பட்டதாம், இன்ஜின் முனகாமல் ஓடியதாம். அடுத்த தடைக்காலத்துக்கு இப்போதே நாற்காலியைத் துடைத்து வைக்கச் சொன்னார்.

"இனிமே கம்பெனிய நீங்க சொல்லுங்க, படத்தைத் தம்பி சொல்லட்டும், ரெண்டு பேரும் சரின்னாத்தான் வாங்குவேன். ஓட்டு வெலைய மட்டும் நான்தான் சொல்லுவேன்."

கம்பெனிக் கணக்கையும் வரைபடத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் பங்கு வாங்க வேண்டும் என்று இன்றைக்கும் எல்லோரிடமும் தொண்டை கிழியச் சொல்கிறேன். அறிக்கையில் 'மூலப்பொருள்' என்ற வரி வரும்போது மட்டும், எதிர் நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருப்பது யார் என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.